மணியம்மாவின் கால் நோட்டு

இந்த மலையில் காகிதத்துக்கு எமன் கரையான் இல்லை, ஈரம்தான். கீழே தாப்பாவிலும் ஈப்போவிலும் இருப்பவர்கள் பெட்டிக்கு அடியில் மருந்தைத் தூவிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இங்கே வருடம் முழுக்கப் பனியும் தூறலும். டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த கல்யாணப் புடவையே ஆறு மாதத்தில் பூசணம் பிடித்துவிடும் என்றால் காகிதம் எம்மாத்திரம்?

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார்ஜன், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போய்விடுகிறது, தோட்டத்துக்காரனுக்கு மிஞ்சுவது தூள். ஆனால் சாயம் என்னவோ தூளில்தான் இருக்கிறது. நான் மெதுவாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஆத்துமேட்டுத் தோட்டத்து ஆலையில் முப்பத்துநாலு வருடம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன் நான். கையால் எழுதுகிறவன் கஷ்டம் எனக்குத் தெரியும்.

வேலம்மா ஒரு பழைய நோட்டைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். அந்த நோட்டு அதோ, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்கிறவன் கோயில் திருவிழா அன்று ஊரைக் கூட்டி, மாலை போட்டு, இப்படி ஒரு வரலாற்று அறையைத் திறந்து வைப்பானா? இது முன்னே ஆயாக்கொட்டாயாக இருந்த இடம். தாய்மார் கொழுந்து எடுக்கப் போனால் பிள்ளைகளை இங்கேதான் விட்டுப் போவார்கள். கூரை ஒழுகிக் கிடந்ததைத் துரையிடம் கெஞ்சி வாங்கி, நானே தகரம் மாற்றி, நானே வெள்ளை அடித்தேன். இப்போது சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன் இல்லை. தாப்பாவில், ஆஸ்பத்திரியில் பிறந்தவன். என் பிறப்புப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஐம்பத்தொன்றில் இங்கே வேலைக்கு வந்தபோது, இவர்கள் கதை எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அறுபத்தேழில் பெரிய கங்காணி பழனியப்பன் செத்தார். முதல் முதலில் இந்தக் காட்டை வெட்டித் தேயிலை நட்ட கூட்டத்தை அழைத்து வந்தவர் அவர். எந்தக் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது, யார் எந்த ஊர் என்று ஒரு கட்டுக் காகிதம் வைத்திருந்தார். மூன்றாம் நாள் நான் துக்கம் கேட்கப் போனபோது, அவர் வீட்டுக்காரர்கள் அந்தக் காகிதக் கட்டை அடுப்பில் போட்டுக் குளிக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி எரிந்திருந்தது. அடுப்புக்குள் கையைவிட்டு இழுத்தேன். இந்தத் தழும்பு அன்று வந்ததுதான்.

அன்றிலிருந்து வீடு வீடாகப் போனேன். ஜப்பான்காரனுக்குச் சயாம் ரயில் பாதை போட்டு உயிரோடு திரும்பியவன் கொண்டுவந்த தகரக் குவளை, முதல் துரை கொடுத்த வெற்றிலைச் செல்லம், நோட்டீசுகள், கடிதங்கள், படங்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நம்ம ஆட்களுக்குப் பழையது என்றால் குப்பை. கொண்டுவந்த காகிதத்தை ஆலையில் இலை வாட்டும் மாடியில், தட்டுகளுக்கு ஓரமாகப் பரப்பிவிடுவேன். கீழிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றில் ஒரு பகலில் ஈரம் போய்விடும், மடியாது, சுருங்காது. பிறகு ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் ஐம்பது வருடத்துக்குக் கவலையில்லை. இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முகர்ந்து பாருங்கள், இங்கே உள்ள காகிதம் எல்லாவற்றிலும் இலை வாசம் இருக்கும்.

இப்போது நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

மணியம்மா என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். யுத்தத்துக்கு முன்னாலிருந்து மெர்டேக்கா சுதந்திரம் வரைக்கும் இந்தத் தொழிலாளர் லயங்களில் பிறந்த பிள்ளை எல்லாம் அவள் கையில் விழுந்ததுதான். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று கங்காணிமாரிலிருந்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வரைக்கும் அவளைத்தான் கேட்பார்கள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டியதும், விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து இடது பாதத்தில் தடவி, ஒரு நீள நோட்டில் பதிய வைத்துவிடுவாள். மறுநாள் பள்ளிக்கூடத்து ராமையா வாத்தியார் அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் தேதியும் தாய் தகப்பன் பெயரும் எழுதுவார். டிரெஸ்ஸர் கையெழுத்துப் போட்டுத் தோட்டத்து முத்திரையைக் குத்துவார். கால் நோட்டு என்று அதற்குப் பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பாதம். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அந்த மாதிரி ஒரு நோட்டு இந்த மலையில் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் டவுனில் பிறப்புப் பதிவெல்லாம் நின்றுபோய்விட்டது. அந்த மூன்றரை வருடத்தில் இங்கே முப்பத்துமூன்று பிள்ளைகள் பிறந்தன. வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, விட்டுப்போனதை வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று தண்டோரா போட்டார்கள். யார் போனார்கள்? ஒருநாள் டவுனுக்கு இறங்கினால் ஒருநாள் பேர், ஒருநாள் கூலி போச்சு. "மணியம்மா நோட்டுல இருக்குலா, அது போதாதா" என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் செய்த தப்பு அது. என் தப்பை நான் சொல்லும்போது, அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மணியம்மா செத்த பிறகு நோட்டு டிரெஸ்ஸர் அறையில் கிடந்தது. அறுபத்தொன்பதில் டிரெஸ்ஸர் ஓய்வு பெற்று, அறையைக் காலி பண்ணியபோது, பழைய பஞ்சோடும் பாட்டிலோடும் அதையும் குப்பைக் குழிக்குள் போட்டார்கள். நான் இறங்கி எடுத்தேன். அதாவது, நான் எடுத்திராவிட்டால் அது அன்றைக்கே போயிருக்கும். இதை நீதிமன்றத்தில் யாராவது கேட்பார்களா என்று தெரியவில்லை. கேட்க வேண்டும்.

அதே சமயத்தில்தான் சிவப்பு ஐ.சி. அடையாள அட்டைப் பிரச்சினை வந்தது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்திருப்பீர்கள். நீல ஐ.சி. என்றால் குடிமகன். சிவப்பு என்றால் இருக்கலாம், ஆனால் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும். முதலில் கொடுத்தார்கள், பிறகு புதுப்பிக்க யோசித்தார்கள். இங்கேதான் பிறந்தேன் என்று காட்டினால் நீலத்துக்கு எழுதிப் போடலாம். அந்த முப்பத்துமூன்று பேரில் பத்தொன்பது பேர் அப்போது உயிரோடு இருந்தார்கள். எல்லாரிடமும் சிவப்புதான். காட்டுவதற்கு ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

வேலம்மாவின் மகன் கந்தன் அதில் ஒருவன். நாற்பத்துமூன்றில் பிறந்தான். தகப்பனைச் சயாம் ரயிலுக்குப் பிடித்துப் போனபோது இவன் வயிற்றில் நாலு மாதம். தகப்பன் திரும்பவில்லை. கந்தனுக்கு இடது காலில் ஆறு விரல். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், செடிக்கு நடுவில் பூட்ஸ் இல்லாமல் நடக்க முடியாது, அதனால் இடது பூட்ஸின் ஓரத்தில் கத்தியால் ஒரு சதுரம் வெட்டி வைத்திருப்பான். அந்தச் சதுரம் வழியாக அந்தச் சின்ன விரல் எட்டிப் பார்க்கும். லயத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். நல்ல பையன். அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது.

எழுபத்திரண்டு ஆவணியில் ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்தான். பூட்ஸில் சேறு என்று வாசலிலேயே நின்றான்.

"ஐயா, பதிவு ஆபீஸ்ல கேட்டுட்டாங்க. இங்கதான் பொறந்தேன்னு ஒரு எழுத்து வேணுமாம். கால் நோட்டு உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொல்லுது. நீங்க எடுத்துட்டுப் போனதைப் பாத்துச்சாம்."

"நகல் எடுத்துக் கொடுத்தா ஆகாதா?"

"அசல்தான் வேணுமாம் ஐயா. கேஸு முடியுற வரைக்கும் அவங்களே வச்சிருப்பாங்களாம். பொறவு கொடுத்துடுவாங்களாம்லா."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்னால், பத்திரிகைக்கு என்று கேட்டு ஒரு ஆள் வந்து முதல் கூட்டத்துப் படத்தை வாங்கிப் போனான். நாற்பத்தேழு பேர் வெட்டிய காட்டுக்கு முன்னால் நிற்கும் படம், உலகத்தில் அது ஒன்றுதான். பிறகு கொடுத்துவிடுகிறேன் என்றுதான் அவனும் சொன்னான். எழுதி எழுதிப் பார்த்தேன், ஒரு பதிலும் இல்லை. அதற்கப்புறம் என் கையைவிட்டு ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக்கூடாது என்று மாரியம்மன் சன்னிதியில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தேன்.

"சட்டியில இருந்தாத்தானே கந்தா அகப்பையில வரும்" என்றேன். "நான் எடுத்தது வேற பழைய சாமான். அந்த நோட்டைக் குப்பையோட குப்பையா எரிச்சுட்டாங்க."

அப்போது நான் உட்கார்ந்திருந்தது ஒரு தேயிலைப் பெட்டியின் மேல். நோட்டு அதற்குள்தான் இருந்தது.

அவன் சந்தேகப்படவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வாசலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டுப் போனான். மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று மதியம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏன் நீங்களே நோட்டை எடுத்துப்போய், காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்திருக்கக் கூடாது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. யோசித்தேன். கந்தன் ஒருவனோடு நிற்குமா சொல்லுங்கள்? மற்றப் பதினெட்டுப் பேரும் வருவார்கள். பத்தொன்பது கேஸ், பத்தொன்பது மேசை, ஒவ்வொரு மேசையிலும் எண்ணெய்க் கை, டீக்குவளை. எவனோ ஒருவன் வசதிக்காகப் பக்கத்தைக் கிழித்து ஃபைலில் கோத்துவிடுவான். கரியில் பதிந்த பாதம் சார்ஜன், விரலால் தேய்த்தால் போய்விடும். ஒருவனுக்கு ஐ.சி. கிடைப்பது நல்லதுதான், அவன் இருக்கிறவரைக்கும் உபயோகப்படும். நோட்டு அப்படி இல்லை. நாம் எல்லாரும் மண்ணாய்ப் போன பிறகும் அது இருக்க வேண்டியது.

கந்தன் வீட்டார் சும்மா இருக்கவில்லை. பிரிஞ்சாங்கில் மகன் வீட்டில் இருந்த ராமையா வாத்தியாரைக் காய்கறி லோரியில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். வயது எழுபதுக்கு மேல், ஒரு கண்ணில் புரை. நான்தான் எழுதினேன் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் பண்ணுகிறேன் என்றார். டவுனுக்குப் போகிற வழியில், நான் படித்தவன் என்று என்னிடம் யோசனை கேட்க வந்தார். மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரோடு தனியாகப் பேசினேன்.

"வாத்தியாரே, நீங்க எழுதினது யுத்தத்துக்கு முந்தி. ஜப்பான்காரன் காலத்துல இங்க நோட்டு ஏது, மை ஏது? மரவள்ளிக் கிழங்குக்கே வழியில்லையே."

"இல்ல சாம்பசிவம், எழுதினேனே. கரி மைதானே. கந்தனோட காலு, ஆறு விரல் பாத்து நானே சிரிச்சேனே."

"அந்த ஆறு விரலைத்தான் வளந்த பொறவு இத்தனை வருசமா எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம். அதுல உங்களுக்குக் கலந்துபோச்சு. தப்பாச் சத்தியம் பண்ணினா இந்த வயசுல உள்ள வச்சுடுவான்."

அதட்டவில்லை, மிரட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். "அப்படியும் இருக்குமோ" என்றார். அதோடு லோரியில் ஏறிப் பிரிஞ்சாங்குக்கே திரும்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் காலையில் எழுந்ததும் பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக மகனிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வார் என்று கேள்விப்பட்டேன். நல்ல ஞாபகசக்தி உள்ள மனிதர். அவர் எழுதிய ஒரு தேதிகூடத் தப்பு இல்லை, தாய்மார் வேலைக்கு வராத நாட்களின் பழைய கணக்கோடு நான் ஒத்துப் பார்த்திருக்கிறேன்.

எழுபத்துமூன்று தையில் பதிவு ஆபீசிலிருந்து துரைக்கு ஒரு சூரட், அதாவது கடிதம், வந்தது. இந்த மாதிரி ஒரு நோட்டு உண்டா, அதில் இந்தப் பெயர் உண்டா என்று. அவர்கள் பேரில் குற்றமே சொல்ல முடியாது, தேடிக் கேட்டிருக்கிறார்கள். துரை அதை என்னிடம் தள்ளிவிட்டார். பழைய காகித சமாச்சாரம் எல்லாம் சாம்பசிவம்தான் என்று அவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் மூன்று வரி தட்டினேன். தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு பதிவு தோட்டத்தில் இல்லை, இருந்ததற்கான தடயமும் இல்லை. துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதன் கரித்தாள் நகல் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது பெட்டியில், எழுபத்துமூன்று என்று எழுதிய உறைக்குள். போகும்போது எடுத்துத் தருகிறேன். நீங்கள் கேட்காமலே தருகிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு அவன் மனு தள்ளுபடி. சித்திரையில் பெர்மிட்டும் முடிந்தது. தோட்டத்தில் பேர் இல்லாதவன் லயத்தில் இருக்க முடியாது. பெண்டாட்டி ரஞ்சிதத்துக்கு நீல ஐ.சி., கொழுந்து எடுக்கிறவள், அதனால் அவளும் நாலு வயது மகள் வடிவும் வேலம்மாவோடு இருந்தார்கள். அவன் மட்டும் லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்தில் மறைவாக மருந்தடிக்கிற வேலைக்குப் போனான். பெர்மிட் இல்லாதவன் என்று தெரிந்தால் பேசிய கூலியில் பாதிகூடத் தர மாட்டான் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவான். போலீஸ் செக்கிங் என்று யாராவது சொல்லிவிட்டால், சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து தேயிலைக்குள் ஓடுவான். ஒருமுறை ஆலைக்குப் பின்னால் என்னைப் பார்த்தான்.

"இந்தியாவுக்குப் போங்கறாங்க ஐயா. எங்கன்னு போறது? எனக்கு அங்க ஒரு ஊரு பேருகூடத் தெரியாதுலா" என்றான்.

அவன் தாத்தா ஊர் முசிறிக்குப் பக்கத்தில். பழனியப்பன் கங்காணியின் கட்டில், எரியாத பாதியில் அது இருந்தது. அன்று மாலையே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். என்னால் ஆன உதவி.

எழுபத்துநாலு மாசியில் தான் அடிக்கிற களைக்கொல்லியையே எடுத்துக் குடித்துவிட்டான். அந்த மருந்து உடனே ஆளைக் கொல்லாது. நாலு நாள் ஆனது. நினைவெல்லாம் தெளிவாக இருந்தது என்று வேலம்மா சொன்னாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டானாம், விழுங்க முடியவில்லையாம். முப்பது வயது. சாவுச் செலவுக்கெல்லாம் நான்தான் முன்னால் நின்றேன். கம்போங் ராஜாவிலிருந்து தப்பு அடிக்கிறவர்களைக் கூட்டிவந்தேன், கருமாதி அன்று நாலு வார்த்தை பேசினேன். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன் சார்ஜன், அதில் பொய் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் நோட்டை வெளியே எடுத்தேன். கந்தனின் பாதத்துக்குக் கீழே, ராமையா வாத்தியாரின் எழுத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், சிவப்பு மையில் இறந்த தேதியைப் போட்டேன். பிறந்த தேதி மட்டும் இருந்தால் அது பாதி வரலாறுதானே.

அப்போதுதான் மற்றவர்களுக்கும் போட வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பத்தொன்பது பேரில் ஒன்பது பேர் பெர்மிட் போனதும் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இங்கே பிறந்தவர்கள், அங்கே யாரையும் தெரியாது. சிலர் மறுபடி மலைத் தோட்டங்களிலேயே, நீலகிரிப் பக்கம் கூலிக்குப் போனதாகத் தகவல். அங்கே உள்ள தபால்காரர், பள்ளிக்கூடம், தலையாரி என்று ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன். உடல்நலம் விசாரித்து, ஒருவேளை காலமாகியிருந்தால் தேதியைத் தெரியப்படுத்தவும் என்று. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். சிலர், நலமாக இருப்பதாகப் பதில் போட்டார்கள். அம்மாக்கண்ணு என்ற பெண்ணின் புருஷன் மட்டும் கண்டபடி திட்டி எழுதியிருந்தான். அந்தக் கடிதமும் பத்திரமாக இருக்கிறது, அதில் அவள் இறந்த தேதி இருந்தது.

சரி, போன வாரம் நடந்ததற்கு வருகிறேன். கோயிலுக்கு ஐம்பது வருடம். மக்கள் வரலாற்றை மக்களிடமே கொடுக்க வேண்டும், பெட்டிக்குள் பூட்டி வைத்து என்ன பயன்? அறையைத் திறந்தோம். கால் நோட்டுக்கென்றே ஈப்போவில் சொல்லிக் கண்ணாடிப் பெட்டி செய்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் பார்த்தவுடன் ஆளை நிறுத்துகிற பக்கம் ஒன்றுதான், ஆறு விரல். அதைத்தான் வைத்தேன். பதினாலு வருடம் ஆகிவிட்டது, ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நினைத்தேன். வேலம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதும் மனதில் இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தான் பெற்ற பிள்ளையின் காலைப் பார்க்க எழுத்து எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலம்மா பேத்தி வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குவளையைப் பார்த்தாள், வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வரிசை நிற்கிறது, நகரவில்லை. குனிந்து, கண்ணாடிமேல் மூச்சுப் படுகிற அளவுக்குக் குனிந்து, விரலை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"இது எம்புள்ள காலு" என்றாள்.

வடிவு படித்துச் சொன்னது. தேதி, கந்தன், தாய் வேலம்மா, தகப்பன் பெயர், தோட்டத்து முத்திரை. கீழே சிவப்பு மையில் இருந்ததையும் படித்தது. வேலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எரிஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே கிராணி ஐயா."

பெட்டியின் மூடியைத் தூக்கினாள். பூட்டு வாங்க எனக்கு அன்று தோதுப்படவில்லை. உள்ளே கையை விட்டு, அந்தப் பாதத்தைத் தொடப்போனாள்.

"கை படக்கூடாது வேலம்மா, கரி கலைஞ்சுடும்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நாற்பது வருடம் கிராணிமார் சொன்னதைக் கேட்டுப் பழகின கை. தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரஞ்சிதம் வந்து தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அழுதிருந்தாலாவது எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள்தான் உங்கள் ஸ்டேசனுக்கு வந்திருக்கிறாள்.

லயத்தில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. பால்காரர்கூட வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்களுக்குக் கோபம் தணிந்த பிறகு ஒன்று புரியும். அன்று நோட்டைக் கொடுத்திருந்தால் கந்தன் நீல ஐ.சி. வாங்கிக் கவ்வாத்து வெட்டி, வயதாகி, எல்லாரையும் போல ஒருநாள் போயிருப்பான், யாருக்கும் ஞாபகம் இருக்காது. இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவனைத் தெரியும். வேலம்மாவிடம் அவனுடைய ஒரு படம்கூடக் கிடையாது. அவன் பாதத்தை, பிறந்த அன்றைக்கு இருந்தபடியே, நான் வைத்திருக்கிறேன். அவனை நான் கொன்றுவிட்டேன் என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. நான் சொன்ன பொய்யால்தான் அவன் செத்தான். ஆனால் அவனைக் காப்பாற்றி வைத்திருப்பதும் நான்தான் என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள்.

நோட்டைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போக வேண்டும் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஈயத்தாளில் சுற்றித் தருகிறேன். ஜீப்பில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சன்னல் பக்கம் வேண்டாம், சாரல் அடிக்கும். பக்கத்தை யாரும் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் முடிந்ததும் கொடுத்துவிடுவோம் என்கிறீர்கள். இதே வார்த்தையைத்தான் கந்தனும் வாசலில் நின்று சொன்னான்.

கொஞ்சம் சீக்கிரமாகவே கொடுத்துவிடுங்கள் சார்ஜன். கப்பலேறினவர்களில் இன்னும் எட்டுப் பேருக்குத் தேதி போட வேண்டியிருக்கிறது.